கரகாட்டம்: பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஆட்டம்

மாசி பிறந்ததும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் சாமி சாட்டத் தொடங்கிவிடுவார்கள், அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவிப்பார்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் பங்குனி, சித்திரை, வைகாசியில் ஏதாவது ஒரு மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத்திடலில், டியூப்லைட் கட்டி, பாய் விரித்து, ஊர் கூடியிருக்கும். ஆடி வரை இது ஓயாது. டவுனில் வளர்ந்த பிள்ளைகள், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டுத் திருவிழாவுக்கு வந்தவர்கள், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த மருமகள்கள் என்று பலரும் முழுதாக ஒரு கரகாட்டத்தை முதன்முதலில் பார்ப்பது இந்த மாதங்களில்தான். அவர்களில் நிறையப் பேர் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். "சத்தம் தாங்கல", "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு", "சினிமாவுல பார்த்த மாதிரி இல்ல" என்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஊர்க்காரர்களுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம், அதனால் சொல்லத் தோன்றுவதில்லை. முதல்முறை போகிறவருக்கு அந்த இரவில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

சினிமாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1989-ல் வந்த கரகாட்டக்காரன் மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடிய படம். கரகம் என்ற பேரையே ஊர் உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் திரையில் பாட்டுக்கு வரி இருக்கிறது, வரிக்கு ஏற்ற முகபாவம் இருக்கிறது, எங்கே பார்க்க வேண்டுமோ அந்த இடத்தைக் கேமரா பக்கத்தில் கொண்டுவந்து காட்டிவிடுகிறது. மந்தையில் அப்படி எதுவும் கிடையாது. கரகம் தலையில் இருக்கும் நேரம் முழுக்கப் பாடுவது நாயனம் என்கிற நாதஸ்வரம்தான். வரி இல்லாத வெறும் மெட்டு. ஆடுகிறவர் சில சமயம் நமக்கு முதுகைக் காட்டி, மேளக்காரர்களைப் பார்த்தபடி ஆடுவார். முதல்முறை பார்ப்பவருக்கு அது மரியாதைக் குறைவாகக்கூடத் தோன்றும். உண்மையில் ஆட்டத்தின் உயிரான இடமே அதுதான். அந்த விஷயத்துக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

ஒரே திருவிழாவில் இரண்டு விதமான கரகம் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது சக்திக் கரகம். காப்புக் கட்டிய பிறகு, குறித்த நாளில் கம்மாய்க்கரையிலோ கிணற்றடியிலோ ஆற்றோரத்திலோ வைத்துக் கரகம் ஜோடிப்பார்கள். குடத்தில் நீர் நிரப்பி, வேப்பிலை செருகி, பூவைக் கூம்பாகச் சுற்றிக் கட்டுவார்கள். பூசாரியோ அதற்கென்று உரிமையுள்ள குடும்பத்து ஆளோ விரதமிருந்து அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவார். அவர் காலடி மேளத்துக்குக் கட்டுப்பட்டு அசையும், சில இடத்தில் ஆடவும் செய்வார். ஆனால் அது வேடிக்கைக்கான ஆட்டம் அல்ல. அந்த நேரத்தில் குடத்தில் இருப்பது அம்மன். வழியெங்கும் பெண்கள் மஞ்சள் நீரை அவர் காலில் ஊற்றுவார்கள். சிலருக்குச் சாமி வரும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் யாராவது திருநீறு பூசி ஆசுவாசப்படுத்துவார், பதற வேண்டியதில்லை. கரகம் கடந்துபோகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றால் போதும். கடைசி நாளில் முளைப்பாரியோடு (சட்டியில் முளைக்கவிட்ட தானியப் பயிர்) சேர்த்து இதையும் நீரில் கரைத்துவிடுவார்கள். ரேணுகாதேவி தன் கற்பின் பலத்தால் மணலையே குடமாக்கி நீர் சுமந்த கதையை இந்தக் கரகத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அந்தக் கதை தெரிந்த பிறகு பார்த்தால், கை படாமல் ஒரு குடம் தலையில் நிற்பதற்கு வேறு ஒரு கனம் வந்துவிடுகிறது.

இரண்டாவதுதான் ஆட்டக் கரகம். நாம் கரகாட்டம் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். பழைய காலத்தில் மண்தோண்டியை வைத்து ஆடியிருக்கிறார்கள். இப்போது பித்தளைச் செம்போ எவர்சில்வர் செம்போதான். உள்ளே அரிசியோ நெல்லோ போட்டு, மேலே பூவும் ஜிகினாவும் சேர்த்துக் கூம்பு கட்டி, உச்சியில் ஒரு கிளியை நிறுத்துவார்கள். அந்தக் கிளி சுழலும்படி பொருத்தியிருக்கும்.

இந்தக் குடம் ஏன் விழுவதில்லை என்பதுதான் முதல்முறை பார்ப்பவர் எல்லாரும் கேட்கும் கேள்வி. பிசின் வைத்து ஒட்டியிருப்பார்கள், முடியோடு கட்டியிருப்பார்கள் என்றெல்லாம் சந்தேகப்படுவார்கள். அதெல்லாம் தேவையில்லை. அடியில் கிடக்கும் தானியம் எடையைக் கீழே இறக்கி வைக்கிறது. அந்த எடையே குடத்தைத் தலையோடு அழுத்திப் பிடிக்கவும் செய்கிறது. மேலே உயரமாக நிற்கும் பூக்கூம்பு ஆபத்து என்று நமக்குத் தோன்றும், ஆனால் அதுவும் துணைதான். உள்ளங்கையில் ஒரு நீளக் கம்பை நிறுத்துவது பென்சிலை நிறுத்துவதைவிடச் சுலபம், நீளமானது மெதுவாகத்தான் சாயும், சுதாரிக்க நேரம் கொடுக்கும். கரகமும் அப்படித்தான். மீதி வேலை உடம்பினுடையது. கழுத்தும் தலையும் ஒரே மட்டத்தில் நகர வேண்டும். குதித்து இறங்கும் அதிர்ச்சி முழுவதையும் முழங்காலும் இடுப்பும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே கரகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் புரியாது. கரகம் அசையாமல் இருப்பதற்காக அதற்குக் கீழே என்னென்ன அசைகிறது என்று பாருங்கள். தேர்ந்த ஆட்டக்காரர் முழங்காலை மடித்து எழும்போது இடுப்புக்குக் கீழே ஒரு வேகமும், கழுத்துக்கு மேலே முழு நிதானமும் இருக்கும்.

இப்போது மேளத்துக்கு வரலாம். கரகத்துக்கு வாசிப்பது நையாண்டி மேளம். முழுமையான மேளத்தில் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு ஜால்ரா, ஒரு சுருதிப்பெட்டி இருக்கும். சில செட்டுகளில், அதாவது குழுக்களில், உறுமியும் சேரும். கோயில் மேளத்தில் பார்க்கும் அதே நாயனமும் தவிலும்தான், ஆனால் வேலை வேறு. கோயிலில் நாயனக்காரர் ஒரு ராகத்தை எடுத்தால் நிதானமாக வளர்த்துக்கொண்டு போவார். இங்கே அதற்கு நேரமில்லை. தெம்மாங்கு மெட்டு, பக்திப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, புதுப் பாட்டு என்று சட்சட்டென்று மாறும். இரண்டு நாயனம் எதற்கு என்றால், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கித் திருப்பிச் சொல்வார். ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் விடாமல் பிடித்துக்கொள்வார். மணிக்கணக்கில் ஓசை அறுபடாமல் ஓடுவதற்கு இந்த ஏற்பாடு வேண்டும்.

தவிலில் ஒரு பக்கம் விரலில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள், மறுபக்கம் குச்சி. சொற்கட்டுகள், அதாவது வாயாலும் சொல்லிக் காட்டக்கூடிய தாளக் கோவைகள், விழுவது விரல் பக்கத்தில், அடித்தளம் குச்சிப் பக்கத்தில். பம்பை என்பது இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டிய வாத்தியம். அதன் ஓசை நெஞ்சில் இறங்கும். தமுக்கு சின்னது, கிண்ண வடிவ உலோகத்தின் மேல் தோல் போர்த்தி இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிப்பது. உருவத்தில் சிறியது என்றாலும் மொத்த மேளத்தையும் கிழித்துக்கொண்டு கேட்கும். "சத்தம் தாங்கல" என்கிறவர்களின் காதைக் குத்துவது பெரும்பாலும் தமுக்கும் ஒலிபெருக்கியும்தான். உறுமியை வளைந்த குச்சியால் தோலில் தேய்த்து வாசிப்பார்கள். அந்த முனகல் கேட்டால் சாமியாடிகளுக்கு மயிர்க்கூச்செறியும்.

எப்படிக் கேட்பது? என் யோசனை இதுதான். மைக் செட்டுக் குழாயின் எதிரே உட்கார வேண்டாம். அது எல்லா வாத்தியத்தையும் ஒரே இரைச்சலாக அரைத்துத் தந்துவிடும். மேளக்காரர்கள் நிற்கும் பக்கமாக, அவர்களைப் பக்கவாட்டில் பார்க்கும் இடத்தில் உட்காருங்கள். முதலில் ஜால்ராவைத் தேடிப் பிடியுங்கள், தாளம் அங்கே இருக்கிறது. அது காதில் நின்றுவிட்டால் பிறகு தவில். தவில் தாளத்தை அப்படியே சொல்லிக்கொண்டு இருக்காது. விலகிப் போகும், குறுக்கே வெட்டும், போக்குக் காட்டும், கடைசியில் வந்து சேரும். அப்படி வந்து சேரும் இடத்துக்குத் தீர்மானம் என்று பெயர். பெரும்பாலும் ஒரே சொற்கட்டை மூன்று தடவை சொல்லி மூன்றாவதில் முடிப்பார்கள். இந்த மூன்றை எண்ணப் பழகிவிட்டால் ஆட்டம் உங்களுக்குத் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஏனென்றால் மூன்றாவது முடியும் அதே நொடியில் ஆட்டக்காரரின் பாதமும் தரையில் அறைந்து நிற்கும். உடம்பு சிலையாகும், சலங்கை ஓயும், உச்சியில் கிளி மட்டும் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றும். கூட்டத்தில் விசில் கிளம்புவது அப்போதுதான். காரணம் தெரியாமல் கேட்டால் அந்த விசில் வெறும் கூச்சல்.

சரி, அவர் ஏன் நமக்கு முதுகைக் காட்டுகிறார்? தவிலுக்காரர் இன்ன இடத்தில் முடிப்பார் என்று எழுதி வைத்த ஏற்பாடு எதுவும் இல்லை. அடுத்த அடி என்ன என்பது அங்கேயே, அந்த நிமிடமே முடிவாகிறது. ஆட்டக்காரர் சலங்கையால் ஒரு அடி வைத்துக் காட்டுவார், தவில் அதைத் திருப்பிச் சொல்லும். அப்புறம் தவில் ஒன்றைப் போடும், கால் அதற்குப் பதில் சொல்லும். போட்டி முற்றும்போது தவிலுக்காரரும் மேளத்தைத் தோளில் தொங்கவிட்டபடியே குனிந்து, வளைந்து, சில சமயம் மண்டியிட்டு ஆடுவார். நையாண்டி மேளத்தில் வாசிப்பவரும் ஆட்டக்காரர்தான். இந்தப் பேச்சுவார்த்தைக்குக் கண்ணோடு கண் பார்த்தாக வேண்டும். அதனால்தான் முதுகு. அரசு விழா மேடைகளில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. பத்து நிமிடம் ஒதுக்கியிருப்பார்கள், எதிரே முக்கியஸ்தர்கள் வரிசை, எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து ஆடி இறங்கிவிட வேண்டும். 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் மாதிரியான விழாக்கள் நாட்டுப்புறக் கலைகளை நகரத்தார் கண்ணுக்குக் கொண்டுவந்ததை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனாலும் மேடையில் மட்டும் பார்த்தவர் கரகத்தைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றிலும் ஆள் உட்கார்ந்திருக்கும் மந்தையில்தான் அந்தப் பேச்சுவார்த்தைக்கு இடம் கிடைக்கிறது.

இரவின் போக்கு ஊருக்கு ஊர் மாறும். பொதுவாக முதலில் மேளம் மட்டும் தனியாக வாசிக்கும். சாமி பாட்டில் தொடங்கி நிதானமாக ஏறும். ஆட்டக்காரர்கள் இன்னும் வரவில்லையே என்று கூட்டம் பேசிக்கொண்டும் இடம் பிடித்துக்கொண்டும் இருக்கும். முதல்முறை போகிறவர்கள் தவறவிடவே கூடாத நேரம் இது. மேளத்தின் முழுத் திறமையும் யாரும் கவனிக்காத இந்த அரைமணி, ஒருமணி நேரத்தில்தான் வெளிப்படும். பிறகு கரகம் வரும். ஜோடியாக ஆடுவார்கள், வட்டம் போடுவார்கள், வேகம் ஏறும். அதற்குப் பின்னால் சாகசங்கள். ஏணி மேல் ஏறி நிற்பது, தாம்பாளத்தின் விளிம்பில் நின்று சுற்றுவது, பின்பக்கமாக வளைந்து தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டைக் கண் இமையால் கவ்வி எடுப்பது. எல்லாம் தலையில் குடத்தோடு. குழந்தைகள் வாய்பிளந்து பார்ப்பது இந்தப் பகுதியைத்தான், கைதட்டலும் இதற்குத்தான் அதிகம். எனக்குச் சாகசத்தைவிட அதற்கு முந்தைய சுற்றுகள்தான் பிடிக்கும். ஏணியில் ஏறும்போது மேளம் வெறும் பரபரப்பை வாசிக்கிறது. முந்தைய சுற்றுகளில் அது பேசுகிறது. இடையிடையே கரகத்தை இறக்கி வைத்துவிட்டுத் தெம்மாங்கு பாடுவார்கள், பபூன் வந்து சிரிக்க வைப்பார், பொய்க்கால் குதிரையோ மயிலோ மாடோ வந்து போகும்.

இங்கேதான் எல்லாரும் முகம் சுளிக்கும் விஷயம் வருகிறது. இரட்டை அர்த்தப் பேச்சு, கூச வைக்கும் உடை, ஆபாசம். கரகாட்டம் என்றாலே வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று சொல்கிற குடும்பங்கள் மதுரையிலேயே நிறைய. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சில இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. அதற்காகக் காவல்துறை அனுமதி மறுப்பதும், ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவதும், ஆபாசம் கூடாது, சாதி, கட்சி பற்றிய பாட்டு கூடாது, இன்ன மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைப்பதும் ஒவ்வொரு சீசனிலும் நடக்கிற காரியம். இதே மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து 2023-ல் குறவன் குறத்தி ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்தே தமிழக அரசு நீக்கியது. ஒரு சமூகத்தின் பேரைச் சொல்லி, அந்தச் சமூகத்து ஆணையும் பெண்ணையும் ஆபாசமாகக் காட்டுகிறார்கள் என்ற வழக்கில் வந்த முடிவு அது. அந்த மக்களின் கோபம் நியாயமானது. கரகாட்டத்தின் நடுவே அந்த அங்கம் இருந்தால்தான் கூட்டம் நிற்கும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். கூட்டத்தை நிறுத்த ஒரு சமூகத்தை இழிவுபடுத்தத்தான் வேண்டுமென்றால், அப்படி நிற்கும் கூட்டம் தேவையில்லை.

ஆனால் பழி முழுவதையும் ஆடுகிற பெண்ணின் தலையில் ஏற்றுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆட்டம் ஏன் பேச்சாகச் சரிந்தது என்று யோசித்தால் மறுபடியும் மேளத்திடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. கேசட் பாட்டுக்கு ஆடும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் வந்த பிறகு, அவற்றோடு கரகம் போட்டி போட வேண்டியதாயிற்று. செலவைக் குறைக்க முதலில் கை வைத்தது மேளத்தில். இரண்டு நாயனம் ஒன்றானது, பம்பை போனது, தமுக்கு போனது, சில இடங்களில் கீபோர்டும் பேடும் வந்தன. பதிவு செய்த பாட்டுக்கும் கீபோர்டுக்கும் ஆட்டக்காரரைப் பார்க்கத் தெரியாது. அவர் காலால் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கேள்வி பதில் போன பிறகு தலையில் குடம் இருப்பதற்கே காரணம் குறைந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் ஆட்டமாக நின்ற இடத்தை நிரப்பப் பேச்சு வருகிறது. பேச்சு சலித்தால் கொச்சை வருகிறது. இதற்கு நடுவே, "கொஞ்சம் காரமா இருக்கணும்" என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டு வாங்குகிற ஆட்களும் உண்டு. கேட்டு வாங்கியவர்கள் மறுநாள் காலையில் ஒழுக்கம் பேசுவதையும் பார்க்கிறோம்.

நேரமும் சுருங்கிவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. விசேஷ நாட்களுக்கு நள்ளிரவு வரை விலக்குத் தர வழி உண்டு. தூங்க வேண்டிய குழந்தைகளையும் நோயாளிகளையும் நினைத்தால் விதி சரியானதுதான். ஆனால் விடிய விடிய நடந்த ஒன்றை மூன்று மணி நேரத்துக்குள் அடைக்கும்போது எதை வெட்டுவது என்ற கேள்வி வருகிறது. வெட்டுப்படுவது பெரும்பாலும் ஆரம்பத்து மேளக் கச்சேரிதான். அவசரமாகக் கரகத்தைக் களத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பார்ப்பவரின் காது பழகுவதற்கு இருந்த நேரம் அதோடு போய்விடுகிறது.

இந்தக் கலையின் பழமையைப் பற்றிப் பேசுவோர் சிலப்பதிகாரத்துக்குப் போவார்கள். கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் குடக்கூத்தும் ஒன்று. வாணனுடைய நகரத்து வீதியில் திருமால் குடம் கொண்டு ஆடியதாக அது சொல்லப்படுகிறது. அதிலிருந்து நேராக இன்றைய கரகத்துக்குக் கோடு போட்டுவிடும் ஆய்வாளர்கள் உண்டு. தலையில் வைத்தார்களா, கையில் ஏந்தினார்களா என்பது காப்பியத்தின் வரியில் இல்லை. குடத்தை வைத்து ஆடுவது இந்த மண்ணில் மிகப் பழையது என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும். இன்றைக்கு வாசிக்கிற மேளக்காரரின் பெருமைக்குப் பழைய சான்று தேவையுமில்லை.

பக்கத்திலேயே வேறு ஆட்டங்களும் உண்டு. ராஜகம்பளத்து நாயக்கர்கள் ஆடும் தேவராட்டம் கிடைத்தால் விடாதீர்கள். பாட்டே கிடையாது, கையில் துணி, காலில் சலங்கை, தேவதுந்துபி என்ற மேளம் மட்டும்தான் வழி காட்டும். மேளம் சொல்ல உடம்பு கேட்பது என்றால் என்ன என்பதை அதைவிடத் துலக்கமாக வேறு எங்கும் பார்க்க முடியாது. ஒயிலாட்டத்தில் கதைப்பாட்டு உண்டு, வரிசையாக நின்று ஆடுவார்கள். முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் அடிக்கும் கும்மிக்கு மேளம் வேண்டாம், கைத்தட்டே தாளம். இவையெல்லாம் ஊராரே ஆடுபவை. கரகம் தொழில்முறைக் கலைஞர்கள் வந்து ஆடுவது. பார்ப்பவரின் நடத்தை பற்றிப் பேச வேண்டியிருப்பது இந்த வேறுபாட்டினால்தான்.

ஆடுகிறவர்கள் யாரோ ஒருவர் வீட்டுப் பெண்கள், வேலைக்கு வந்தவர்கள். மாசி முதல் ஆடி வரை கிடைக்கும் வருமானத்தை வைத்துத்தான் ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டும், மீதி மாதங்களில் கூலி வேலை, நூறு நாள் வேலை. 2020-லும் 2021-லும் கொரோனா ஊரடங்கு சரியாகச் சீசனிலேயே வந்து விழுந்தது. சித்திரைத் திருவிழாவே பொதுமக்கள் இல்லாமல் நடந்த வருடங்கள் அவை. கிராமத்து மந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த இரண்டு வருடத்தில் வாத்தியத்தை அடகு வைத்தவர்கள் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம், கலை பண்பாட்டுத் துறையின் விருதுகள், இயல் இசை நாடக மன்றத்தின் உதவி என்று அரசு வழிகள் இருக்கின்றன. அவை ஓரளவுக்கு உதவுகின்றன. ஆனால் தோல் வாத்தியக்காரர்களுக்குப் பேர் கிடைப்பது இன்னும் அபூர்வம். அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் பக்கத்தில் அத்தனை சந்தோஷம் பொங்கியதற்கு அதுதான் காரணம். நையாண்டி மேளத்தில் ஆயுசு முழுக்கத் தமுக்கு அடித்தவரின் பேர் நோட்டீஸில்கூட வராது.

ஆகவே, போகிறவர்கள் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரரின் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துவது பழைய பழக்கம். அதைப் பெருமை என்று நினைத்துச் செய்யும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் மைக் பிடித்திருப்பவரிடமோ மேளத்துக்கு முன்னால் இருக்கும் தட்டிலோ கொடுங்கள், அன்பளிப்பு என்று சொல்லி மொத்தச் செட்டுக்கும் சேர்த்துக்கொள்வார்கள். தீர்மானத்தை நெருங்கும் நேரத்தில் குறுக்கே போய்க் கொடுத்து ஆட்டத்தை உடைக்க வேண்டாம். செல்போனில் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்தால் மேளத்தையும் சேர்த்து எடுங்கள். மூன்று மணி நேர ஆட்டத்திலிருந்து பதினைந்து நொடி இடுப்பசைவை மட்டும் வெட்டிப் போடும் வீடியோக்களால் அந்தப் பெண்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் மேளக்காரர்கள் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். போய் இரண்டு நிமிடம் நின்று, எந்த ஊர், யாரிடம் படித்தீர்கள் என்று கேளுங்கள். களைப்பிலும் உற்சாகமாகப் பேசுவார்கள், அன்றைக்கு வாசித்த சொற்கட்டைக்கூட வாயாலேயே சொல்லிக் காட்டுவார்கள். அந்தச் சில நிமிடப் பேச்சில் விளங்குவது வேறு எங்கேயும் கிடைக்காது.

அடுத்த வருடம் உங்கள் ஊரிலோ தெருவிலோ விழா கமிட்டியில் இடம் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். செட் பேசும்போது எத்தனை ஆட்டக்காரர், அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று கேட்பதற்கு முன்னால் மேளம் எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். ஒப்பந்தத் தாளில் அதை எழுதச் சொல்லுங்கள். கரகத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் மேளம் மட்டும் என்று நோட்டீஸிலேயே போடுங்கள். செலவு கூடும். சீரியல் செட்டில் ஒரு பகுதியையும் வெடியில் ஒரு பகுதியையும் குறைத்தால் சரிக்கட்டிவிடலாம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடும் கூட்டத்திலேயே இந்தப் பேச்சை எடுத்துவிட வேண்டும், அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் காரியம் ஆகாது.